புதுப்பிப்பு: மிதவை டியூப் ஏன் தொய்ந்தது?

கலிபோர்னியாவின் குரோலி ஏரியில் ட்ரவுட் மீன் பிடிக்க இறங்கியபோது மிதவை டியூப் (காற்றடித்து, மேலே உட்கார்ந்து மிதந்தபடி மீன்பிடிக்கும் இருக்கை) தொய்ந்துபோனது, ஓட்டையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஓட்டை இல்லை. வெயிலில் காற்றடித்துக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கிவிடுகிறது. இப்போது பத்து நிமிடம் தண்ணீரில் விட்டுவிட்டு மறுபடி அடிக்கிறேன். கல் மாதிரி நிற்கிறது. கரையேறியதும் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், வெயிலில் தையல் விட்டுவிடும்.

அப்புறம், தூண்டில் கம்புக்கு ஒரு தாங்கி. பிவிசி குழாயில் ஒரு சாண் வெட்டி, வாயோரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பக்கப்பட்டையில் வெல்க்ரோ வாரால் கட்டினேன். டியூபை ஓட்டக் காலில் மாட்டும் துடுப்பை உதைத்தால் பின்னோக்கித்தான் போகிறோம். நூல் தானாக இழுபடுகிறது, கைகளுக்கு ஓய்வு. அந்தத் துடுப்புகளைக் கணுக்காலோடு கயிற்றால் பிணைத்தும்விட்டேன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள், மதியத்துக்கு மேல் அங்கே காற்று பலமாக வீசும்.