செட்டு, கை இறுக்கம், கருமி: உங்கள் ஊரில் கேட்டதைச் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:
சம்பந்தம் பேசுகிற இடத்தில் ஒரு சொல் மாறினால் போதும், தட்டு மாற்றுவது நின்றுவிடும். பெண் "செட்டாகக் குடித்தனம் பண்ணுவாள்", அதாவது சிக்கனமாக நடத்துவாள், என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் மலர்ந்துவிடும். அவள் அப்பா "கொஞ்சம் கை இறுக்கம்" என்று தரகர் இழுத்தால், சீர்வரிசையில் பாதியை அப்போதே மனசுக்குள் கழித்துவிடுவார்கள். "ஆள் கணக்கானவர்" என்பது இரண்டுக்கும் நடுவில். சொல்கிறவர் குரலைக் கேட்டால்தான் புகழ்கிறாரா, குத்துகிறாரா என்று புரியும். கருமி, பிசினாறி எல்லாம் ஆள் எழுந்து போன பிறகு வருபவை.

எங்கள் பெரியப்பா இந்தப் பேச்சில் கைதேர்ந்தவர். ஓரிடத்தில் பையன் எப்படி என்று கேட்டதற்கு, "காசோட அருமை தெரிஞ்ச பையன்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் அத்தை சட்டென்று, "பொண்டாட்டிக்கு ஒரு முழம் பூவாவது வாங்கித் தருவானா?" என்றார். பெரியப்பா காலி டம்ளரில் காபி குடித்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் பக்கம் எப்படி?

அரசலாறு:
காபி என்றதும் கும்பகோணத்தில் எங்கள் பாட்டி ஞாபகம். பித்தளை ஃபில்டரில் பொடியைப் போட்டு, குடையால் அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவைப்பார். முதலில் இறங்குவது கள்ளிச்சொட்டு. அது தாத்தாவுக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் கிடைக்கும் இரண்டாம் டிகாஷன் பாட்டிக்கும் மருமகள்களுக்கும். அதற்கு மேலும் விடமாட்டார், அந்தச் சக்கை துளசிமாடத்துக்குப் பக்கத்தில் இருந்த செம்பருத்திக்குப் போகும்.

மாமா ஒருநாள், "என்னம்மா இது கஞ்சத்தனம்?" என்று கேட்டுவிட்டார். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் குடிக்கிறதுல குறைச்சா உனக்கென்னடா? வந்தவாளுக்கு இதைக் கொடுத்தேனா? அப்பச் சொல்லு." அந்தத் தெருவில் வந்தவர்களுக்கு இரண்டாம் டிகாஷன் கொடுத்த ஒரு வீடு உண்டு. அவர்களுக்குக் கடைசி வரை "அல்பம்" என்றே பெயர். கருமி என்றால்கூடப் பணம் இருக்கிறது என்று ஒரு மரியாதை. அல்பத்துக்கு அதுவும் கிடையாது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். எங்கள் வீட்டின் செட்டு முழுவதும் பெண்கள் டம்ளரிலிருந்தே வந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

பாமணியாறு:
மன்னார்குடிப் பக்கம் "எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டான்." கையை வீசினால் ஒட்டியிருக்கும் பருக்கை உதிர்ந்து காக்கைக்குக் கிடைத்துவிடுமாம்! இதற்கு மேல் ஒருவனை நுணுக்கமாகத் திட்ட முடியுமா?

கோரையாறு:
களத்தில் வளர்ந்தவன் என்பதால் நெல் கணக்கு சொல்கிறேன். அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணமாட்டார்கள், "லாபம்" என்பார்கள். அப்புறம் இரண்டு, மூன்று. 12 மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். இதில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. வித்தியாசம் கையில் இருக்கிறது. மரக்காலைத் தட்டித் தட்டி நிரப்பினால் நெல் அமுங்கி அதிகம் பிடிக்கும். பொலபொலவென்று கொட்டி, மேலே உள்ளங்கையால் வழித்துவிட்டால் குறைவாகப் பிடிக்கும்.

எங்கள் ஊர் மிராசுதார் ஒருவர் குத்தகை நெல் வரும்போது தட்டி அளப்பார், கூலி போடும்போது வழித்து அளப்பார். மரக்கால் என்னவோ ஒன்றேதான். நேரில் "ஐயா ரொம்பக் கறார்" என்பார்கள். வரப்புத் தாண்டியதும் அந்தக் கறார் கருமியாகிவிடும். ஒருமுறை கூலி குறைகிறது என்று ஓர் ஆயா முனகினார். இவர் உடனே, "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும், தெரியுமில்ல?" என்று பழமொழியை எடுத்துவிட்டார். ஆயா முந்தானையை விரித்தபடி, "ஆத்துல போடுறதை அளந்து போடுங்க சாமி, இது எங்க வயித்துல போடுறது" என்றார். அன்றைக்கு அவருக்கு மட்டும் மரக்கால் கோபுரமாக நிறைந்தது. மற்றவர்களுக்கு வழக்கம்போலத்தான்.

இப்போது கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம், எலெக்ட்ரானிக் தராசு. எங்கள் வீட்டு மரக்கால் கல்யாணத்துக்கு நெல் நிறைத்து வைக்க மட்டும் பரணிலிருந்து இறங்குகிறது.

வெட்டாறு:
எழுத்தில் பார்த்தால் "சிக்கனம்"தான் ராஜா. அக்டோபர் 30 உலக சிக்கன நாள் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வைப்பார்கள். பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்று போர்டு இருக்கும். நான் அந்த மாதிரிச் சங்கத்துக்குப் போனதெல்லாம் கடன் வாங்கத்தான்.

குடமுருட்டி:
சிறுவாட்டை யாரும் சொல்லவில்லையே! பால், மோர், முட்டை விற்ற காசில் அம்மா ஒதுக்கி வைப்பது. கடுகு டப்பா, அரிசிப் பானை, பீரோவில் விரித்த காகிதத்துக்கு அடியில் என்று அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு அப்பா வைத்திருந்த பட்டம் "ஓட்டைக்கை". சந்தைக்குப் போனால் மிச்சம் கொண்டுவந்ததே இல்லையாம்.

2016 நவம்பர் 8 ராத்திரி டிவியில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அன்று அம்மா தூங்கவில்லை. விடிந்ததும் மஞ்சள்பை ஒன்றைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுகள், சிலதில் மஞ்சள்பொடிக் கறை. "கையில காசே இல்லன்னு சொல்லுவியே!" என்றார் அப்பா. "உங்க காசு இல்லன்னு சொன்னேன்" என்றார் அம்மா. அப்பாவுக்கு ஆத்திரம் பாதி, ஆச்சரியம் பாதி. பேங்க் வரிசையில் நின்றவர் அவர்தான். ஓட்டைக்கை என்ற பேச்சு அதோடு போயிற்று. சிறுவாடும் போயிற்று என்பதுதான் அம்மாவுக்கு வருத்தம்.

முள்ளியாறு:
தலைஞாயிறு பக்கம் கடைமடை நாங்கள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால்கூட எங்கள் வாய்க்கால் நனைய நாளாகும். முறைவைத்துத் தண்ணீர் விடும்போது ராத்திரி டார்ச்சோடு மடைக்குக் காவல் இருப்போம். மெட்ராஸில் என்னோடு வேலை பார்த்தவர் வேறொருவரை, "காசைத் தண்ணியா செலவு பண்றான்" என்று குறை சொன்னார். "பரவாயில்லையே, அவ்வளவு செட்டான ஆளா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

காரைக்கால் மருமகள்:
என் மாமியார் என்னைச் "சமர்த்து" என்கிறார். வந்த நாளிலிருந்து மாதம் ஒரு சிலிண்டர் மிச்சமாம். இது எந்தக் கணக்கில் சேரும்?

வெண்ணாற்றங்கரை:
உங்களிடம் சொன்னாரா, பக்கத்து வீட்டில் சொன்னாரா?