தூக்க மாத்திரை: வேலை செய்யும் விதம், பிசகும் இடம்

மருந்தாளர்: "மாத்திரை போட்டும் தூங்கலை" என்று வருபவர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்டால் பிரச்சினை இரண்டு வகை. சிலருக்குத் தூக்கம் பிடிக்கவே தாமதம். சிலருக்குப் பிடித்த தூக்கம் விடியுமுன் கலைந்துவிடும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை முதல் வகைக்கானது. மூளையைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டிவிடும். ஆனால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். 3 மணிக்கு விழிப்பவர் சாதாரண சோல்பிடெமைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்நேரம் இன்னொன்று போட்டால் காலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து.

பெண்களுக்கு இது உடலைவிட்டு மெதுவாகவே நீங்கும். அதனால்தான் 2013இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பெண்களுக்கான தொடக்க அளவை 10 மி.கி.யிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

செவிலியர்: சாப்பிட்ட கையோடு போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உணவு மருந்தைத் தாமதப்படுத்தும். வேலை செய்யவில்லை என்று இன்னொன்றை விழுங்குவார்கள். போட்டதும் படுக்கணும், எழ இன்னும் 7, 8 மணி நேரம் இருக்கணும். போட்டுவிட்டு ஃபோனோடு உட்கார்ந்தால் அரைத்தூக்கத்தில் சமைப்பது, வெளியே நடப்பது வரை போகலாம், காலையில் நினைவிருக்காது. படுத்தவர்களுக்கும் இது நேர்வதுண்டு. ஒருமுறை நடந்தாலே அந்த மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லணும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே மட்டுப்படும்.

மருத்துவர்: இடையில் கலையும் தூக்கத்துக்கு டாக்செபின் 3 அல்லது 6 மி.கி. உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் அதே மருந்துதான். இந்தச் சிற்றளவில், மூளையை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை மட்டுமே பெரும்பாலும் தடுக்கும். சாப்பிட்டு 3 மணி நேரத்துக்குள் கூடாது. 2014இல் அனுமதி பெற்ற சுவோரெக்சன்ட் வேறு வழியில் போகிறது: விழிப்பைத் தாங்கும் ஓரெக்சின் என்ற மூளை வேதிப்பொருளை மறிக்கும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குடன் சேர்த்தால் சுவோரெக்சன்ட்டின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும்.

மருந்தாளர்: நிறுத்துவதையும் சொல்லணும். தினமும் போட்ட சோல்பிடெமைச் சட்டென விட்டால் முன்பைவிட மோசமான தூக்கமின்மை சில இரவுகள் வரும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்குபவர்களே அதிகம். பதற்றத்தைத் தணிக்கத் தரும் குளோனசிபாம், அல்பிரசோலம் போன்றவற்றை நெடுநாள் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம்; வாரக்கணக்கில், டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் இறக்கணும். நீண்ட நேரம் கரையும் வகை மாத்திரையை இதற்காக உடைக்காதீர்கள், மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.