புதுப்பிப்பு: சென்னையா, புதுச்சேரியா என்று கேட்டிருந்தேனே...

மகளுக்கு 15, மகனுக்கு 13. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, பாட்டு, நாடகம், புத்தகம் என்று ஏதாவது நடக்கிற ஊருக்குப் போகணும், எது சரி என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். புதுச்சேரிக்கே வந்துட்டோம். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதால் அம்மாவும் சம்மதிச்சாங்க. உண்மையைச் சொன்னால் அதுவே பாதிக் காரணம்.

"பசங்களையே கேளுங்க" என்று ஒருத்தர் சொன்னபடி, ஒரு ஞாயிறு இருவரையும் கூட்டிவந்தேன். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக் குவியல் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்த மகள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கையெல்லாம் தூசி, மடியில் அட்டை கிழிந்த நாலு புத்தகம். சாயங்காலம் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் யாரோ கிதார் வாசிக்க, மகன் பக்கத்தில் நின்று செருப்புக் காலால் தாளம் போட்டான். பாரதி 1908-லிருந்து பத்து வருஷம் இருந்த ஊர் என்று நான் ஆரம்பிச்சதும், "அப்பா, ப்ளீஸ்!"

இப்போ 1827-இல் தொடங்கின ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு மகள் தானாகவே போறா.

பிரெஞ்சுத் தெருக்களில் வீடு நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது, லாஸ்பேட்டையில் இருக்கோம். சனி, ஞாயிறு வெளியூர்க் கார்கள் தொல்லை வேற. மகன் மட்டும் "நம்ம கடலூர் சில்வர் பீச் மாதிரி வராதுப்பா" என்கிறான்.