வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க கேம் கேட்டா குடுத்துடுவீங்களா?

பழைய_கேசட்:
மக்களே, இது குடும்பப் பிரச்சனையா கேம் பிரச்சனையான்னு எனக்கே தெரியல. சிங்கப்பூர் பொங்கோல்ல நாலறை வீடு, அம்மாவும் எங்களோடதான். ஒரு ரூம்ல ஒரு சுவரு முழுக்க என் கேம்தான், சூப்பர் ஃபேமிகாம்ல ஆரம்பிச்சு பிஎஸ்5 வரைக்கும், படிக்கிற காலத்துல சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிச்சு சிம் லிம் ஸ்குவேர்ல ஒண்ணொண்ணா வாங்கினது. போன தீபாவளிக்கு வீடு நிறைய ஆளு. அத்தையக் கூட்டிட்டு வர கீழ கார்பார்க் போயிட்டு வந்து பாக்குறேன், அக்கா பையன், 7 வயசு, முறுக்கு தின்ன எண்ணெய்க் கையோட என் கேம் பாய வெச்சுக்கிட்டு சோஃபால சாஞ்சிருக்கான். உள்ள இருந்தது ஜப்பான் போக்கிமான் யெல்லோ, 1998ல வந்தது. தொடக்கப்பள்ளியில நாலாவது படிக்கும்போது ஆரம்பிச்சது, 151 போக்கிமான்ல 147 சேத்து வெச்சிருந்தேன், அதுல நிறைய எங்க பழைய புளோக் கீழ்த்தளத்துல, அதான் வாய்ட் டெக்ல, லிங்க் கேபிள் மாட்டி பசங்ககூட மாத்திக்கிட்டது, அவனுங்க இப்ப எங்க இருக்கானுங்கன்னுகூடத் தெரியாது. ஆடினது வரைக்கும் பதிஞ்சு வெக்கிற சேவ் அதுல ஒண்ணே ஒண்ணுதான். இவன் நியூ கேம் போட்டிருக்கான், சேவ் பண்ணும்போது பழசை அழிக்கவான்னு ஜப்பானிய எழுத்துல கேட்டிருக்கும், அவனுக்கு என்ன புரியும், ஏ பட்டனை அமுக்கிட்டான்.

சத்தியமா நான் கத்தல, முகம்தான் மாறிடுச்சு போல. அம்மா அத்தனை பேர் முன்னாடி "சின்னப் பிள்ளைதானேடா, ஒரு பொம்மைக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு"ன்னாங்க. பொம்மையாம். அக்கா ரெண்டு வாரம் போன் எடுக்கல. இப்ப ஜூன் லீவுக்கு அவனும் அவன் தங்கச்சியும் ஒரு வாரம் தங்க வர்றாங்க. ரூமைப் பூட்டிட்டா அம்மா சண்டைக்கு வருவாங்க, பூட்டலன்னா எனக்குத் தூக்கம் வராது. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

கோப்பி_ஓ_கோசோங்:
ப்ரோ வயித்துல அடிச்ச மாதிரி இருக்கு, ஆனா ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காத. அந்த கேசட்டுக்குள்ள காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி சால்டர் பண்ணியிருக்கும், உன் சேவ் உயிரோட இருந்ததே அந்தக் கரண்ட்லதான், அது தீந்தா எல்லாம் போச்சு. 25 வருசத்துக்கு மேல ஓடினதே பெரிய விஷயம். மருமகன் அழிக்கலன்னாலும் இன்னும் ரெண்டு மூணு வருசத்துல பேட்டரியே அழிச்சிருக்கும், உனக்குத் திட்டுறதுக்கு ஆள்தான் கிடைச்சிருக்காது. மத்த கேசட்டையெல்லாம் ரீடர்ல போட்டு கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துடு, அப்புறம் பேட்டரிய மாத்து. முதல்ல மாத்தினா சேவ் காலி.

பிள்ளைங்களுக்கு ஸ்விட்ச்சக் குடுத்துடு. அதுல சேவ் கார்டுல இருக்காது, மெஷின்லதான், அதுவும் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி, மொத்தம் 8 பேர் போடலாம். மருமகனுக்கு ஒரு யூசர், பாப்பாவுக்கு ஒண்ணு. கார்டு தொலைஞ்சா கார்டோட விலைதான் நட்டம். வாயில போட்டாலும் கவலை இல்ல, கசப்பு மருந்து தடவியே விக்கிறான், நானே ஒருதடவ நக்கிப் பாத்தேன் (யாரும் செய்யாதீங்க, அன்னைக்கு சாப்பிட்ட பிரியாணி வரைக்கும் கசந்துச்சு).

வித்துடு_மச்சான்:
மொத்தமா வித்துட்டு ஸ்டீம் டெக் வாங்கு, டவுன்லோட் பண்ணியே ஆடலாம். பிரச்சனை தீந்துது.

யீஷூன்_அக்கா:
வித்துடணுமாம்ல. தம்பி, எனக்கு ரெண்டு பசங்க, வீட்டுக்காரர் அலமாரியும் என் அலமாரியும் தனித்தனி, அதனால எனக்கு இதுல அனுபவம் ஜாஸ்தி. எங்க வீட்டுல ஹால்ல டிவி கீழ இருக்கிற டிராயர் பிள்ளைங்களோடது, யாரு வந்தாலும் கேக்காம எடுக்கலாம். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் அதுல எப்பவும் இருக்கும், வண்டி தானா போற மாதிரியும் ரோட்ட விட்டு வெளிய போகாத மாதிரியும் செட் பண்ணலாம், நாலு வயசு வாண்டுகூட பெரியவங்களோட சேந்து ஓட்டிடும், ஒரே டிவில நாலு பேர் ஆடலாம். ரூம்ல இருக்கிறதுன்னா கேட்டுட்டுத்தான், ஆடும்போது நானும் பக்கத்துல உக்காருவேன். இதுக்கு மேல ரூல் போட்டா பிள்ளைங்க மறந்துடும், நாமளும் மறந்துடுவோம்.

உங்க லிஸ்ட்ல கேசட்ட விட எனக்கு பயம் வேற. 18 வயசுக்கு மேலதான்னு எம்18 ஸ்டிக்கர் ஒட்டின கேமெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க? கடைக்காரன் வயசு பாத்துத்தான் விக்கணும்னு 2008லேர்ந்து இங்க சட்டம் இருக்கு, ஆனா மாமா வீட்டு அலமாரில யாரு பாக்குறது? அத மேல் தட்டுக்கு ஏத்திடுங்க, டவுன்லோட் பண்ணினதுக்கு மெஷின்ல வயசு லாக் போட்டு பின் நம்பர் வெச்சுடுங்க. ஸ்விட்ச்சோட ஆன்லைன் கடை ஈஷாப்ல காசு கட்ட பாஸ்வர்ட் கேக்குற மாதிரி மாத்துங்க. எங்க சொந்தத்துல ஒரு குட்டி ஒரு மத்தியானத்துக்குள்ள 60 வெள்ளிக்கு வாங்கித் தள்ளிட்டான், கேட்டா "அதுவே கேட்டுச்சு, நான் ஓகே சொன்னேன்"ங்கிறான்.

உங்கம்மா சொன்னது தப்புதான். ஆனா அவங்ககிட்ட பொம்மை இல்லன்னு வாதாடாதீங்க, அவங்க பட்டுப்புடவை பீரோவுல எண்ணெய்க் கையோட யாராச்சும் கை வெச்சா எப்படி இருக்கும்னு மட்டும் கேளுங்க.

லெவல்99:
நான் மாத்திச் சொல்றேன், திட்டுறவங்க திட்டுங்க. எங்க சித்தப்பா வீட்டுல கண்ணாடி அலமாரி, உள்ள கேம் கியர், மெகா டிரைவ்னு சேகாவோட பழைய மெஷின் எல்லாம் பொட்டியோட. நாங்க பிள்ளைங்க கண்ணாடில மூக்க வெச்சுப் பாத்துட்டு வருவோம், சாவி அவர் பாக்கெட்ல. 20 வருசம் யாரும் தொடல. போன வருசம் எனக்கே குடுத்துட்டாரு, வீட்டுக்குக் கொண்டு வந்து ஆன் பண்றேன், கேம் கியர்ல சத்தமும் இல்ல படமும் இல்ல. கெப்பாசிட்டர் ஒழுகி போர்ட அரிச்சிருக்கு, அந்த மாடலுக்கே உள்ள வியாதி. கூடவே நம்மூரு ஈரம் வேற. பூட்டி வெச்சா பத்திரம்னு நினைச்சாரு பாவம். கேசட் அண்ணே, உங்க மருமகன் செஞ்சது நட்டம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அத்தன பேர் இருந்த வீட்டுல அவன் போய் எடுத்தது ஐபேட இல்ல, 1998 கேசட்ட.

கோப்பி_ஓ_கோசோங்:
அத எடுத்தது கைக்கு எட்டுன உயரத்துல இருந்ததால லா. ஆனா ஈரம் மேட்டர் உண்மை, கேமராக்காரங்க வெக்கிற ட்ரை கேபினெட் ஒண்ணு வாங்கிப் போடு, ஈரப்பதம் 45 சதவீதத்துல வெச்சா போதும். அதுல பூட்டும் இருக்கும், அம்மா கேட்டா பூஞ்சைக்காகன்னு சொல்லிக்கலாம் 😄 அப்புறம் பசங்க கேசட்ட வாயால ஊத விடாத, நாம ஊதித்தான் வளந்தோம், ஆனா எச்சில் பட்டு பின்னெல்லாம் துருதான் பிடிக்கும். பிஎஸ்1 சிடிய மேல்பக்கம் கீறாம பாத்து வெக்கச் சொல்லு, கீழ கீறல் விழுந்தா பாலிஷ் போடலாம், படம் போட்ட பக்கம் கீறினா அடியில டேட்டாவே போயிடும்.

பழைய_கேசட்:
எல்லாருக்கும் நன்றி, வித்துடுன்னவருக்குக்கூட. டிராயர் ஐடியா எடுத்துக்கிறேன், எம்18 எல்லாம் நேத்தே மேல ஏறிடுச்சு. லெவல், நீங்க சொன்னது கொஞ்சம் குத்துச்சு. தீபாவளிக்கப்புறம் அந்த கேசட்ட நான் தொடவே இல்ல, நேத்து ராத்திரி போட்டுப் பாத்தேன். 23 நிமிசம் ஆடியிருக்கான். ஹீரோ பேரு ஆஆஆஆஆ, முதல் எழுத்தையே அஞ்சு தடவ அமுக்கியிருக்கான். பிக்காச்சு லெவல் 6. கடைசியா புல்லுக்கு நடுவுல நிக்கிறான்.

கோப்பி, இப்ப பேட்டரி மாத்தணும்னா இந்த சேவ முதல்ல காப்பி எடுத்து வெச்சுட்டு திரும்பப் போட முடியுமா?

கோப்பி_ஓ_கோசோங்:
முடியும். ரீடர் என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழம கொண்டா. கோப்பி உன் செலவு.