சுவாவில் எங்களோடு பழகியவர்கள்

பசிபிக் தீவுக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போகிறோம் என்றால் எல்லோரும் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிஜியின் தலைநகரான சுவாவில் கால் நனைக்க நல்ல மணற்கரை கிடையாது. சேற்றுப்பரப்பும் கற்சுவரும்தான். காலண்டரில் வரும் கடற்கரையெல்லாம் நான்டி பக்கமும் சின்னத் தீவுகளிலும் இருக்கிறது. சுவா, விட்டி லெவு தீவின் மழைப்பக்கம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. பீரோவில் வைத்த பட்டுப்புடவையிலும் தோல் செருப்பிலும் பூஞ்சணம் படிந்துவிடும். இப்படி வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டிய ஊரில் கடலைவிட அக்கம்பக்கம் முக்கியம். எங்களுக்கு அமைந்த அக்கம்பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

என் கணவருக்குத் தென்பசிபிக் பல்கலைக்கழகத்தில் வேலை. 12 தீவு நாடுகள் சேர்ந்து நடத்துவது. நியூசிலாந்து விமானப்படையின் கடல்விமானத் தளமாக இருந்த லவுதாலா விரிகுடா ஓரத்து நிலத்தில் 1968இல் தொடங்கினார்கள். இதோடு பசிபிக் தீவுகள் மன்றத்தின் செயலகம், தூதரகங்கள், ஐ.நா. அலுவலகங்கள் என்று வரிசையாக இருப்பதால் சுவாவில் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. போய் இறங்கிய வாரமே யாராவது சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை படகு கிளப், வாரநாளில் ஒரு வினாடி வினா இரவு, ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுத் தோட்டத்திலாவது பார்பிக்யூ. பேச்சும் ஏறக்குறைய தீர்மானிக்கப்பட்டதுதான்: ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அடுத்து எந்த நாடு, எந்தக் கடையில் நல்ல சீஸ் வந்திருக்கிறது, வீட்டு வேலைக்கு வரும் பெண் எப்படி. இந்தக் கடைசி விஷயத்தைச் சிலர் பேசும் தொனி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மற்றபடி அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புதிதாக வந்தவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போய்ப் பள்ளி, பல் டாக்டர், கேஸ் சிலிண்டர் எல்லாம் காட்டிக் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

ஒரே சிக்கல், எல்லோரும் கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். கொஞ்சம் மனம்விட்டுப் பேச ஆரம்பிக்கும்போது அவர்கள் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்கள். பிரிவு உபசார விருந்தும் வீட்டுச் சாமான் விற்பனையும் ஒரே நாளில் நடக்கும். ஒரு கையில் கேக் தட்டு, இன்னொரு கையில் விலைச்சீட்டு ஒட்டிய மிக்சி. எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் அப்படி வந்ததுதான். அது எத்தனை நாட்டுக்காரர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டதோ, தெரியாது. ஒவ்வோர் ஆண்டு முடியும்போதும் மகளின் சிநேகிதிகள் பட்டியல் மாறும். ஒரு கட்டத்தில், வகுப்புக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால், “நீ எப்போது போவாய்?” என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்கு இடதுபுறம் ஒரு பூர்விக பிஜிக் குடும்பம். தைலெவுப் பக்கத்துக்காரர்கள். வீட்டின் மூத்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ‘புபு’, அதாவது பாட்டி. சாயங்காலமானால் வராந்தாவில் பாய் விரிப்பார்கள். நடுவில் கால் வைத்த மரப்பாத்திரம், தானோவா. யங்கோனா வேரை இடித்த பொடியைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து பிழிவார்கள். சாம்பல் நிறக் கலங்கல் தண்ணீர். தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு நீட்டும்போது உள்ளங்கையைக் குழித்து ஒரு தட்டு, ‘புலா’ என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்து, சிரட்டையைத் திருப்பிக் கொடுத்தபின் மூன்று தட்டு. மண்வாசம் அடிக்கும். நாக்கு நுனி மரத்துப்போகும். தலை சுற்றாது, எழுந்து போகத்தான் தோன்றாது. கொஞ்சமாகப் போதும் என்றால் ‘லோ டைட்’, தளும்பத் தளும்ப வேண்டுமென்றால் ‘ஹை டைட்’ என்று சொல்ல வேண்டும். நான் கடைசிவரை லோ டைட் கட்சி.

அந்தப் பாயில் யாரும் உங்களை மகிழ்விக்க முயல மாட்டார்கள். வெளிநாட்டவர் விருந்தில் இரண்டு நிமிடம் பேச்சு நின்றால் வீட்டுக்காரிக்கு வியர்த்துவிடும். இங்கே அரைமணி நேரம் சும்மா இருக்கலாம். மழை பெய்யும், யாராவது கிதாரை மீட்டுவார்கள், நாய் வந்து படுக்கும். உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போக வேண்டுமென்றால் உடம்பைக் குனிந்து, மெல்லிய குரலில் ‘துலோ’ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். எங்கள் பையனுக்கு இது அப்படியே ஒட்டிக்கொண்டது. விடுமுறைக்குத் திருச்சி வந்தபோது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா முன்னால் முதுகை வளைத்துத் ‘துலோ, துலோ’ என்று முணுமுணுத்தபடி போனான். “பிள்ளைக்கு இடுப்பில் ஏதாவது அடியா?” என்று மாமனார் பதறிவிட்டார்.

பக்கத்து வீட்டார் கேட்பார்கள். சர்க்கரை, புல் வெட்டும் இயந்திரம், பெரிய அண்டா, பஸ் காசு. “ஒரு தடவை கொடுத்தால் நிறுத்தவே மாட்டார்கள்” என்று படகு கிளப்பில் எச்சரிப்பார்கள். உண்மைதான், நிறுத்தவில்லை. ஆனால் அது இருபக்கமும் ஓடும் வழக்கம் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. கணவர் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவுக்குப் போயிருந்த சமயம் பையனுக்கு டெங்கு வந்தது. புபு தலையணையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இரவெல்லாம் மணிக்கொரு தரம் காய்ச்சல் பார்த்து, பிள்ளைக்கு இளநீர் புகட்டி, எனக்கும் ஓர் அதட்டல் போட்டுத் தூங்கவைத்தார். 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் அடித்தபோது நாடு முழுவதும் 44 பேர் இறந்தார்கள். சுவா ஓரளவு தப்பித்தது. கோரோ தீவு நொறுங்கிவிட்டது. அங்கிருந்து புபுவின் உறவினர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். எங்கள் போர்வை, பாத்திரம் எல்லாம் அந்த வீட்டுக்குப் போயின. சில திரும்பின. தோட்டம் மறுபடி காய்த்தபோது மரவள்ளிக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் மூட்டையாக வந்து இறங்கின. நான் கணக்குப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன், எங்கள் பக்கம்தான் லாபம்.

அதே ஆண்டு ஆகஸ்டில், பிஜி நேரப்படி 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, ரியோ ஒலிம்பிக்கில் ரக்பி செவன்ஸ் இறுதி ஆட்டம். டிவியைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டார்கள், தெருவே அங்கே. என் கணவர் அதுவரை ரக்பியை ஒரு விளையாட்டாகவே ஒப்புக்கொள்ளாதவர். பிரிட்டன் அணியை பிஜி 43-7 என்று உருட்டித் தள்ளியதும் முன்பின் தெரியாத ஒரு டாக்சி ஓட்டுநரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். பிஜி வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம். மைதானத்தில் வீரர்கள் வட்டமாக நின்று தோத்திரப் பாட்டுப் பாடினார்கள். வராந்தாவில் அதே பாட்டைப் பெண்கள் தனிக்குரல், ஆண்கள் தனிக்குரல் என்று பிரித்துப் பாடினார்கள். அடுத்த ஆண்டு அரசு ஏழு டாலர் நோட்டே அச்சடித்து வெளியிட்டது. ஒன்று என் பர்சில் இன்னும் இருக்கிறது.

வலதுபுறத்தில் ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பேச்செல்லாம் பிஜி இந்தி. என்னை ‘பேட்டி’, அதாவது இந்தியில் மகளே, என்றுதான் கூப்பிடுவார். அவருடைய தாத்தா சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர். தெற்கிலிருந்து ஆள் ஏற்றிப் போனது 1903 முதல் 1916 வரை. நாங்கள் தமிழர் என்று தெரிந்த சில நாளில் ஒரு காகிதத்தோடு வந்தார்: ஆவணக் காப்பகத்தில் எடுத்த தாத்தாவின் குடியேற்றச் சீட்டின் நகல். தகப்பன் பெயர், வயது, சாதி, உடம்பில் உள்ள அடையாளம், ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம். கிராமத்தின் பெயரை மட்டும் அந்த வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்திருந்தார். வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். கிட்டத்தட்ட அந்த ஒலியோடு மூன்று ஊர்கள் தேறின. எது என்று முடிவாகவில்லை. பெரியவர் காகிதத்தை மடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் மழை உண்டா என்று கேட்டார். குறைவுதான் என்றேன். “அதுதான் கிளம்பியிருக்கிறார்” என்றார். அதற்குமேல் அதைப் பேசவில்லை.

ஹவல் சாலை மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தீமிதி நடக்கும். விரதமிருந்து, மஞ்சள் உடுத்தி, அந்த வயதிலும் அவர் இறங்கினார். கோயிலில் அவர் பாடிய தமிழ்ப் பாட்டு எனக்கு முழுதாகத் தெரியாது, அவருக்கு மனப்பாடம். எங்கள் வீட்டுக் கொலுவுக்குச் சுண்டலுக்கு வந்த கூட்டத்தில் பாதி அவர் வீட்டு உறவு.

அவரும் ஒருநாள் வீட்டை விற்றுவிட்டு பிரிஸ்பேனில் மகனிடம் போய்விட்டார். 1987, 2000 ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று பிஜி இந்தியர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். வந்து போகிறவர்கள் நாங்கள் மட்டும் என்று நினைத்திருந்தேன். நான்கு தலைமுறை ஊன்றிய குடும்பமும் எங்களைப்போலவே டேப் ஒட்டிய அட்டைப்பெட்டிகளோடு வாசலில் நின்றது. புபுவிடம் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் குடியிருந்தவர்களை அவர் வரிசையாகச் சொன்னார்: ஸ்காட்லாந்துக்காரர், டோங்கா பாதிரியார், கொரியத் தம்பதி, அழுமூஞ்சிக் குழந்தை வைத்திருந்த கனடாக்காரி. எல்லோர் வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் நினைவில் இருந்தது. எல்லோருக்கும் முதல் நாளே கிழங்கு கொடுத்திருக்கிறார், எங்களுக்குக் கொடுத்ததைப்போல.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிளப்பில் சேருங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் சுவா சந்தையின் மாடிக்குப் போய் யங்கோனா அரைக் கிலோ வாங்குங்கள். பொடியாக வேண்டாம், வேராகக் கட்டித் தருவார்கள். மரியாதைக்குக் கொடுப்பது அதுதான். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, தலையில் தொப்பி கூடாது.

*

இன்னொருவர் அனுபவம்: நான் இருந்தது பிஜியின் வனுவா லெவு தீவில் உள்ள லம்பாசாவில், சங்கம் நடத்தும் ஒரு பள்ளியில். (1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத்தான் அங்கே சங்கம் என்கிறார்கள்.) சர்க்கரை ஆலை ஊர், வெளிநாட்டவர் விரல் விட்டு எண்ணும் அளவு. கிளப், வினாடி வினா எதுவும் இல்லை. எங்கள் சமூக வாழ்க்கை முழுக்கச் செவ்வாய்க்கிழமை இராமாயண மண்டலிதான். ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு; டோலக், ஹார்மோனியம், துளசிதாசர் இராமாயணம், அது முடிந்ததும் அங்கேயும் யங்கோனா! அனுமாரைக் கும்பிட்ட கையோடு தானோவாவைச் சுற்றி உட்காருவதைப் பார்த்து என் மனைவி முதலில் திகைத்துத்தான் போனார். துக்க வீடென்றால் இன்னும் நீளும். பதின்மூன்றாம் நாள் வரை இரவு இரவாக ஊர் வந்து உட்காரும். அழுகை முதல் நாள், பிறகு கரும்பு விலையும் கால்பந்தும். துக்கக்காரர்களைத் தனியே விடுவதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

*

மூன்றாமவர் அனுபவம்: நாங்கள் கிரிபாட்டி என்ற பசிபிக் தீவு நாட்டில் இருந்தோம், தெற்குத் தாராவாவில். நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த ஒற்றைக் கீற்று நிலத்தில்தான். சில இடங்களில் ஒருபக்கம் காயலும் மறுபக்கம் கடலும் ஒரே பார்வையில் தெரியும். அங்கே விருந்தாளியாகச் சும்மா உட்கார்ந்துவிட்டு வர முடியாது. மனேயாபா என்று பெரிய கூரை வேய்ந்த பொதுக்கூடம். சம்மணமிட்டு எல்லோரும் சுற்றி உட்காருவார்கள், தலையில் பூவளையம் சூட்டுவார்கள், பெரியவர் ஒருவர் வரவேற்றுப் பேசுவார். அதற்குப் பதில் சொல்லி நாம் பேசியே ஆக வேண்டும், பிறகு பாட வேண்டும், ஆட்டத்துக்கு இழுத்தால் ஆட வேண்டும். என் அம்மா எங்களைப் பார்க்க வந்திருந்தபோது, பேச மறுத்துவிட்டு எழுந்து ஒரு தாலாட்டுப் பாடினார். கூட்டம் கை தட்டியது தட்டியபடி. உடனே இரண்டு பெண்கள் ஓடிவந்து கழுத்திலும் முதுகிலும் டால்கம் பவுடரைக் கொட்டி, சென்ட் பாட்டிலை எடுத்துப் பீய்ச்சினார்கள். நன்றாக ஆடுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் செய்யும் மரியாதை அது. அம்மா கத்தரிப்பூ நிறச் சேலையில் வெள்ளை வெளேரென்று நின்று, “இன்னொரு பாட்டும் தெரியும்” என்றார். போகிறவர்கள் பவுடர் டப்பா கூடுதலாக எடுத்துப் போங்கள். கடையில் தீர்ந்தால் அடுத்த கப்பல் வரவேண்டும்.