நாற்காலி மாறியபோது வந்த நடுக்கம்: உங்கள் அனுபவம் என்ன?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

இங்கே, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், ஒரு தமிழ் மீடியம் யு.பி. (நடுநிலை) பள்ளியில் பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, சீனியாரிட்டியில் எச்.எம். (தலைமையாசிரியை) ஆனவள் நான். வகுப்பில் எனக்குப் பயமே கிடையாது. ஆபீஸ் ரூமுக்குள் போனால் உள்ளங்கை வேர்க்கும். ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) ஆபீஸ் ஆர்டர்கள் மலையாளத்தில் வரும். சந்தையிலும் பஸ்ஸிலும் பேசும் மலையாளம் தண்ணிபட்ட பாடு. ஆபீஸ் மலையாளம் கண்ணைக் கட்டியது.

கேரளத்தில் எச்.எம்.களுக்குப் பெரிய கண்டம் ஜூனில் வரும் ஆறாவது வேலை நாள். அன்றைய பிள்ளைகள் கணக்கை வைத்துத்தான் ஒவ்வொரு வகுப்புக்கும் எத்தனை டிவிஷன் (பிரிவு), எத்தனை டீச்சர் என்று முடிவாகும். எண்ணிக்கை குறைந்தால் யாராவது ஒருத்தர் வேலை ஆடும். பிள்ளைகள் விவரம் ஏற்றும் சம்பூர்ணா சாஃப்ட்வேரில் இருந்ததை வருகைப் பதிவேட்டோடு திரும்பத் திரும்ப ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. ‘இவ்வளவு பேர் பிழைப்பில் கை வைக்க நீ யாருடி’ என்று உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சமையல் அக்கா வேறு. பழைய எச்.எம். சாரிடம் வாசலில் நின்றே பேசுபவர், என்னிடம் நேராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, “டீச்சரே, இன்னைக்குப் பயறு எவ்வளவு போட?” என்பார். முதலில் சுருக்கென்றது. போகப் போக அரிசி மூட்டை, முட்டைக் கணக்கு எல்லாம் அந்த பெஞ்சில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. பெஞ்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

ரிட்டையரான பக்கத்துப் பள்ளி எச்.எம். ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்து, ஃபைல்களைப் பிரித்து வைத்து என்னோடு வாசித்தார். சுற்றிச் சுற்றி அதே சொற்கள்தான். நோட்டில் எழுதிக்கொண்டேன், ஆர்டர் பயம் பாதி போனது. போகாதது ஒன்று: நான் அக்கா என்று கூப்பிடும் சீனியர் டீச்சர் தினமும் லேட். அவரை எப்படிக் கேட்பது?

நகரி மேனேஜர்:

டீச்சர், நான் இந்தப் பக்கம், ஆந்திராவின் நகரியில், ஒரு பேங்க் கிளையில். ஊர் பாதி தமிழ், பாதி தெலுங்கு. என் தெலுங்கைக் கேட்டு கவுன்டரே சிரிக்கும். இந்த உணர்வை 1978லேயே பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிவிட்டார்கள். நன்றாகச் சாதித்த பெண்கள்கூட ‘நமக்குத் தகுதியில்லை, ஒருநாள் சாயம் வெளுத்துவிடும்’ என்று பயந்ததைப் பார்த்தார்கள். இது நோய் கிடையாது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கு ஆபீஸ் மலையாளம், எனக்குத் தெலுங்கு நிஜமாகவே வரவில்லையே! அதைப் படித்துத்தானே தீர வேண்டும்? அதையும் மனசு கணக்கில் எழுதினால் எப்படி?

அது சரி, லேட்டாக வரும் அந்த அக்காவை என்ன செய்தீர்கள்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

காலையில் கையெழுத்து ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு நானே வராந்தாவில் நிற்க ஆரம்பித்தேன். “வாங்கக்கா” என்று நீட்டுவேன். ஒரு வாரம் முறைத்தார். இப்போதும் லேட்தான், ஆனால் வந்த நேரத்தை அவரே எழுதுகிறார்.