மறு: ‘தரவு மீறல்’ வேண்டாம், ‘உடைப்பு’ இருக்கிறது

> ‘பாதுகாப்பு மீறல்’ ஏற்கெனவே புழங்குகிற சொல். மாற்றத் தேவையில்லை.

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘data breach’ என்பதற்கு, அதாவது கணினியில் சேமித்த தரவு வெளியே போய்விடுவதற்கு, தமிழில் ‘மீறல்’ புழங்குவது உண்மைதான். ஆனால் மீறல் என்றால் ஒருவர் ஒரு விதியை மீறுவது. ஒப்பந்த மீறல், சாலை விதிமீறல் என்பது போல. வழங்கியில் (server) ஓட்டை விழுந்து ஊரார் தனிச்செய்தியெல்லாம் வெளியே போவதற்கு அது ஒட்டவில்லை. யார் மீறியது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. கரை என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றுவதில்லை.

நான் கன்னங்குறிச்சிக்காரன், மூக்கனேரிப் பக்கம். சேர்வராயன் மலையில் மழை கொட்டினால் என் தாத்தா மண்வெட்டியோடு கரைக்குப் போய்விடுவார். நண்டு வளை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்; கரையின் வெளிச்சரிவில் ஈரம் தெரிந்தால் குதிகாலால் அழுத்திப் பார்ப்பார். முதலில் கசிவு, அப்புறம் அரிப்பு, கடைசியில் உடைப்பு. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் அவரிடம் இருந்தது. நாம் தேடுவதும் இவற்றைத்தானே?

2024 பிப்ரவரியில் மாஸ்டடானில், அதாவது அவரவர் தம் வழங்கியில் நிறுவி நடத்தும் சமூக வலைத்தள மென்பொருளில், ஒரு பெரிய ஓட்டையை அடைத்தார்கள். தொலைவிலிருந்தே இன்னொருவர் கணக்காக நடிக்க, அதைக் கைப்பற்றவே வழிவிட்ட ஓட்டை. 4.2.5 பதிப்பு வந்தது. நிர்வாகிகள் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று முழு விவரத்தை 15ஆம் தேதிவரை வெளியிடவில்லை. மையம் என்று ஒன்று இல்லாததால் அவரவர் வழங்கியை அவரவர்தான் புதுப்பிக்க வேண்டும். வைகைக் கரையை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தது போலத்தான். ஆளில்லாத வந்தியின் பங்குதானே அடைபடாமல் கிடந்தது!

அதனால் நிர்வாகியின் முன்னேற்பாட்டுக்குக் ‘கரைக்காவல்’ என்று முன்மொழிகிறேன். உடனுக்குடன் புதுப்பிப்பது, இரண்டடுக்கு உள்நுழைவு, காப்பு நகலைப் பூட்டி வைப்பது எல்லாம் இதில் அடங்கும். 2023 மே மாதம் அமெரிக்காவில் கோலெக்டிவா என்ற மாஸ்டடான் வழங்கியின் நிர்வாகி ஒருவர் வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனை நடந்தபோது, மறையாக்கம் (encryption) செய்யாத தரவுத்தள நகலும் கூடவே போய்விட்டது. வழங்கிக்குள் யாரும் நுழையவே இல்லை.

*

ஏற்காட்டிலிருந்து:

கரைக்காவல் பிடித்திருக்கிறது. ஆனால் ‘வழங்கி உடைந்தது’ என்றால் பெட்டி பழுதாகிவிட்டது என்றல்லவா படிப்பவர் நினைப்பார்?

*

நல்ல கேள்வி அண்ணா. வினையை மாற்றினால் சரியாகிவிடும். ஏரி உடைந்தது என்றும் சொல்கிறோம், ஏரியில் உடைப்பெடுத்தது என்றும் சொல்கிறோம். பெட்டி போனால் ‘வழங்கி உடைந்தது’. தரவு வெளியேறினால் ‘வழங்கியில் உடைப்பெடுத்தது’. பெயராக வரும்போது ‘தரவு உடைப்பு’. என் வழங்கியின் அறிவிப்புப் பக்கத்தில் இன்றிரவே ‘மீறல்’ வருகிற இடங்களை மாற்றிவிட்டு இங்கே ஒட்டுகிறேன். ஏதாவது வரியில் இடறினால் சொல்லுங்கள்.